சிவப்பு எங்கே போனது? அச்சுப்பிழை அஞ்சல்தலைகளை எடைபோடுவது எப்படி

"இந்தத் தலையில் சிவப்பே விழவில்லை. எவ்வளவுக்குப் போகும்?" அச்சுப்பிழை அஞ்சல்தலைகளைப் பற்றி வரும் கேள்விகளில் பாதி இந்த மாதிரிதான். விலைப் பேச்சு கடைசியில் வர வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது, அந்தச் சிவப்பு எங்கே போனது என்பதைத்தான். அச்சு இயந்திரத்திலேயே விழாமல் போயிருக்கலாம். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வருடக்கணக்கில் வெயில் குடித்து வெளுத்துப் போயிருக்கலாம். யாராவது மருந்தில் தோய்த்து எடுத்திருக்கவும் கூடும். இயந்திரத்தின் எந்தக் கட்டத்தில் என்ன நடந்து இப்படி ஆனது என்று விளக்கத் தெரியாத வரைக்கும் எந்தத் தலைக்கும் பிழை என்று பெயர் வைக்காதீர்கள். மற்ற எல்லாக் கணக்கும் இந்த ஒரு பழக்கத்தில் நிற்கிறது.

பிழை என்ற ஒரே சொல்லில் பலவற்றைப் போட்டுக் குழப்புகிறோம். அச்சு வேலையில் ஒரு கட்டம் முழுதாக விடுபட்டாலோ தலைகீழானாலோ அதுதான் உண்மையான பிழை: ஒரு நிறம் முற்றிலும் இல்லை, துளையே போடவில்லை, நடுப்படம் தலைகீழ். இயந்திரம் கொஞ்சம் தடுமாறியதால் வருவது வேறு: நிறம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும், துளை படத்துக்குள் ஏறியிருக்கும், மை திட்டாக அப்பியிருக்கும். சேகரிப்பாளர்கள் இதை ஃபிரீக் என்பார்கள். மூன்றாவது, அச்சுத்தகட்டிலேயே இருக்கும் கீறல் அல்லது புள்ளி. தாளில் அதே இடத்துத் தலையில் ஒவ்வொரு முறையும் விழும் என்பதால் இதை நிலையான குறை என்கிறார்கள். மையில் ஒட்டிய தூசியால் விழும் வளையம் இதில் சேராது. பத்துத் தாள் போனதும் தூசி உதிர்ந்துவிடும், வளையமும் மறைந்துவிடும்.

வடிவமைப்பாளர் செய்த தவறு இவை எதிலும் அடங்காது. 1956-இல் கிழக்கு ஜெர்மனி இசையமைப்பாளர் ஷூமானுக்கு வெளியிட்ட தலைகளில் ஷூபர்ட்டின் இசைக்குறிப்பு அச்சாகிவிட்டது. பின்னால் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். கதை சுவையானது. ஆனால் தவறு அச்சான ஒவ்வொரு தலையிலும் இருந்ததால் அரிதாக ஒன்றும் ஆகவில்லை, இன்றும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது.

நிறம் விடுபட்ட தலை

இன்றைய தலைகள் பெரும்பாலும் ஆஃப்செட் முறையில் அச்சாகின்றன. நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளும் நுண்ணிய புள்ளிகளாக அடுத்தடுத்து விழுந்து ஒரு படம் ஆகின்றன. ஒரு நிறம் விடுபட இரண்டு மூன்று வழிகள்தான் உண்டு. இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒரு நிறப் பிரிவைக் கடந்தால், கீழே இருந்த தாள் அந்த நிறத்தைக் காணாது. அச்சு உருளை தாளைத் தொடாமல் ஓடியிருந்தாலும் இதே கதை. தாளின் ஒரு மூலை மடிந்து அந்தப் பகுதியை மறைத்தால் சில தலைகளில் மட்டும், அதுவும் ஒரு சாய்கோட்டோடு, நிறம் நின்றுவிடும்.

எனவே சோதனை இப்படி. 10 மடங்கு பெருக்கும் லென்ஸில் தொடங்கி 30 மடங்குக்குப் போங்கள். மஞ்சள் விடுபட்டது என்கிறார்கள் என்றால், மஞ்சளாக இருக்க வேண்டிய இடத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பச்சை இலைகளைப் பாருங்கள். பச்சை என்பது நீலப்புள்ளியும் மஞ்சள்புள்ளியும் சேர்ந்தது. மஞ்சள் உண்மையிலேயே விழவில்லை என்றால் இலை சுத்த நீலமாக இருந்தாக வேண்டும். இலையில் பச்சைச் சாயல் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் கதை முடிந்தது. அடுத்து முகத்தின் தோல் நிறம், பிறகு பழுப்பு, ஆரஞ்சு என்று மஞ்சள் கலக்கும் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே சாட்சி கிடைக்க வேண்டும். மஞ்சளில் ஒரே ஒரு புள்ளி தெரிந்தாலும், அதாவது மை கொஞ்சமாவது விழுந்திருந்தாலும், அஞ்சல்தலைகளை எண் போட்டு விலையோடு தொகுக்கும் பட்டியல்கள் அதை 'விடுபட்டது' என்று ஏற்பதில்லை. விலையும் மளமளவென்று இறங்கிவிடும்.

வெயிலில் முதலில் போவது மஞ்சளும் மெஜந்தாவும். நீலமும் கறுப்பும் நெடுநாள் தாங்கும். அதனால்தான் சன்னலோரம் வைத்த தலைகள் எல்லாம் நீலம் பூத்துக் கிடக்கின்றன. சிங்கப்பூர் வெயிலுக்குச் சில மாதங்களே போதும். 'சிவப்பும் மஞ்சளும் விடுபட்டவை' என்று விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி இந்த வகைதான். கண்டுபிடிக்கும் வழி: வெளுத்த தலையில் நிறம் ஒரே சீராகப் போயிருக்காது. வேறு தலையோ அட்டையோ மூடியிருந்த விளிம்பில் பழைய நிறத்தின் மெல்லிய கோடு மிஞ்சியிருக்கும். மருந்தில் போட்டு வெளுத்தது என்றால் தாள் காட்டிக்கொடுத்துவிடும். 365 நானோமீட்டர் யுவி விளக்கின் கீழ் அதே வெளியீட்டின் நல்ல தலை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருந்துபட்ட தாள் வேறு மாதிரி ஒளிரும், இல்லாவிட்டால் செத்துப் போனதுபோல் இருக்கும். பின்புறப் பசையும் பளபளப்பை இழந்திருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி தாளின் விளிம்பில் இருக்கிறது. பல வெளியீடுகளின் தாள் விளிம்பில் ஒவ்வொரு மைக்கும் ஒரு வட்டப் புள்ளி வரிசையாக அச்சாகியிருக்கும். சேகரிப்பாளர்கள் அதை டிராஃபிக் லைட் என்பார்கள். தலையில் விடுபட்ட நிறம் அந்த வரிசையிலும் விடுபட்டிருந்தால் வாதத்துக்கே இடமில்லை. ஆகவே விளிம்பைக் கிழிக்காதீர்கள்.

1962 முதல் சிங்கப்பூரில் வந்த ஆர்க்கிட், மீன், பறவைத் தொடரில் நிறம் விடுபட்ட தலைகள் பட்டியல்களில் முறையாக இடம்பெற்றிருக்கின்றன. நிறப்பிழை பழக விரும்புகிறவர்கள் இந்தத் தொடரின் சாதாரணத் தலைகளை முதலில் வாங்கி, எந்த நிறம் எங்கே விழுகிறது என்று மனப்பாடம் ஆகும்வரை பார்க்கலாம். சாதாரணத் தலை தெரியாதவருக்குப் பிழைத் தலை தெரியாது.

நீரிணைக் குடியேற்றம், அதாவது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் காலனி, வெளியிட்ட பழைய தலைகளில் இன்னொரு பொறி உண்டு. அவற்றை அச்சிட்ட டி லா ரூ நிறுவனம் ஊதா, பச்சை மைகளை வேண்டுமென்றே தண்ணீரில் கரையும்படி தயாரித்தது. முத்திரையைக் கழுவிவிட்டுத் தலையைத் திரும்பப் பயன்படுத்துவதைத் தடுக்க அந்த ஏற்பாடு. உறையிலிருந்து தலையைப் பிரிக்க யாரோ தண்ணீரில் ஊறப்போட்டதால் பச்சை மஞ்சளாகவும் ஊதா சாம்பலாகவும் திரிந்த தலைகளை 'நிறப்பிழை' என்று விற்கிறார்கள். ஆரஞ்சு, சிவப்பு மைகளில் ஈயம் இருந்தால் காற்றிலுள்ள கந்தகம் பட்டுப் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி காட்டினால் பெரும்பாலும் பழைய நிறம் திரும்பும். திரும்பும் நிறம் பிழையாக முடியாது.

துளை விழாத ஜோடி

துளையில்லாத தலை என்று ஒற்றைத் தலையை நீட்டினால் வாங்காதீர்கள். அகல விளிம்புள்ள சாதாரணத் தலையின் பற்களைக் கத்தரித்தால் துளையில்லாத தலை தயார். இரண்டு தலைகள் ஒட்டியிருந்து, நடுவில் துளை இல்லாமல் இருந்தால்தான் அந்த வேலை செய்ய முடியாது. உலகம் முழுக்க இந்த வகையை ஜோடியாகவே விற்பதன் காரணம் இதுதான்.

ஜோடியிலும் ஏமாற்றம் உண்டு. துளையிடும் ஊசிகள் மழுங்கியிருந்தால் தாளில் அழுத்தம் விழும், ஓட்டை விழாது. முன்பக்கம் பார்த்தால் துளையே இல்லாததுபோல் இருக்கும். தலையைக் கவிழ்த்து, கைபேசி விளக்கைத் தாளோடு தாளாகச் சாய்த்துப் பிடியுங்கள். பசைப்பக்கத்தில் வட்டவட்டமான மேடுகள் ஒரே வரிசையில் தெரிந்தால் அது குருட்டுத்துளை. அது ஃபிரீக், விலை மிகக் குறைவு. உண்மையான துளையில்லா ஜோடியில் அந்தத் தாள் வழுவழுவென்று கிடக்கும்.

அடுத்தது இயந்திரத்தின் தர்க்கம். துளைபோடும் முறைகளில் முக்கியமானவை இரண்டு. கோட்டுத்துளை இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு நேர்க்கோட்டைப் போடும். சீப்புத்துளை இயந்திரம் ஒரே அடியில் ஒரு வரிசைத் தலைகளின் மூன்று பக்கத்தையும் போட்டுவிடும். எது என்று தெரிய நான்கு தலைகள் சந்திக்கும் மூலையைப் பாருங்கள். சீப்பில் மூலைத்துளை ஒன்றே ஒன்றாகச் சுத்தமாக விழும். கோட்டில் இரண்டு வரிசைகள் ஏனோதானோவென்று குறுக்கிடும், மூலைக்கு மூலை வேறுபடும். இப்போது யோசியுங்கள். சீப்பு ஓர் அடியைத் தவறவிட்டால் அந்த வரிசை முழுக்க பக்கத்துளைகளும் ஒரு கிடைத்துளையும் சேர்ந்தே காணாமல் போக வேண்டும். சீப்புத்துளைத் தலை ஒன்றில் நடுவில் ஒரு கோடு மட்டும் மாயமாகியிருந்தால், அந்தச் சீப்பு எந்தத் திசையில் ஓடியது என்று விளக்கம் கேளுங்கள். விளக்கம் வராவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். துளையை நிரப்பி, பசை தடவி மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எண்ணிக்கையையும் இதிலிருந்தே கணக்கிடலாம். 10 வரிசையும் 10 நிரலுமாக 100 தலைகள் உள்ள தாளில், கோட்டுத்துளையில் ஒரே ஒரு கிடைக்கோடு தவறினால், நடுவே துளையில்லாத செங்குத்து ஜோடிகள் 10 மட்டுமே உலகத்தில் இருக்க முடியும். ஒரு தாள்தான் கிடைத்தது என்பது உறுதியானால் இந்தப் 10 என்ற எண் எந்த விலைப்பட்டியலைவிடவும் உதவும்.

தலையின் துளை அளவை 2 சென்டிமீட்டரில் எத்தனை துளை என்று சொல்வார்கள். சிங்கப்பூர் தன் பெயரில் முதன்முதலாக 1948 செப்டம்பர் 1-ஆம் தேதி வெளியிட்ட ஆறாம் ஜார்ஜ் தொடர் 14 துளையிலும், பிறகு 17½ × 18 துளையிலும் வந்தது. இதைப் பிழை என்று நினைத்துக்கொண்டு அலைபவர்கள் உண்டு. இவை இரண்டு முறையான அச்சுகள், பட்டியலில் இரண்டுக்கும் தனித்தனி எண் உண்டு.

ஒட்டும் தாள்களில், அதாவது நாக்கால் நனைக்கத் தேவையில்லாத தலைகளில், துளைக்குப் பதில் அச்சுவெட்டு, அதாவது வெட்டும் அச்சு போடும் கோடு. அது விழாமல் போனால் தாள் முழுக்க ஒரே துண்டாக வரும். அடித்தாளிலிருந்து உரித்துப் பார்க்கத் தோன்றும். உரித்தால் எல்லாம் போயிற்று.

தலைகீழ்

பேர்போன தலைகீழ்ப் பிழைகள் எல்லாம் தாளை இரண்டு முறை இயந்திரத்தில் விட்டதால் வந்தவை. 1918-இல் அமெரிக்காவின் 24 காசு விமானத் தலையில் சிவப்புச் சட்டம் ஒரு முறையும் நீல விமானம் மறுமுறையும் அச்சாயின. 100 தலைகள் கொண்ட ஒரு தாள் மட்டும் தலைகீழாகி வெளியே வந்தது. அவற்றில் ஒன்று 2023-இல் ஏறக்குறைய 2 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. அதற்கும் முன்னோடி நமக்கு நெருக்கமானது: 1854-இன் இந்திய நாலணாத் தலையில் விக்டோரியா அரசியின் நீல முகம் சிவப்புச் சட்டத்துக்குள் கவிழ்ந்து கிடக்கும். 1867 வரை சிங்கப்பூரிலும் இந்தியத் தலைகள்தான் ஓடின. பி 172 என்ற முத்திரை குத்திய இந்தியத் தலைகள் இங்கிருந்து போனவை.

இன்று எல்லா நிறமும் ஒரே ஓட்டத்தில் விழுவதால் இப்படி நடக்க வாய்ப்பு மிகக் குறைவு. புதிய தலை ஒன்றில் நடுப்படம் தலைகீழ் என்று யாராவது சொன்னால், எந்த இயந்திரத்தில் அச்சானது என்ற கேள்வியே பாதி பதில்.

1962-இல் அமெரிக்கா, மறைந்த ஐ.நா. பொதுச்செயலாளர் ஹாமர்ஷோல்ட் நினைவாக வெளியிட்ட 4 காசுத் தலையில் மஞ்சள் தலைகீழானது. கையில் பிழைத்தாள் வைத்திருந்தவர்கள் பணக்காரர்கள் ஆவதற்குள் அஞ்சல்துறைத் தலைவர் அதே பிழையோடு 40 மில்லியன் தலைகளை வேண்டுமென்றே அச்சிடச் சொன்னார். மதிப்பு ஒரே நாளில் முகமதிப்புக்கு வந்தது. புதிய பிழை கிடைத்தவர்கள் விற்பதற்கு முன் இதை நினைவில் வைப்பது நல்லது: இன்று அரிது என்பது நாளைக்கும் அரிது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

பின்புறத்தில் படம் தெரிவதைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடிப் பிம்பமாக, இடம் வலமாக மாறித் தெரிந்தால் ஈர மை பக்கத்துத் தாளில் ஒட்டியது. அது சாதாரணம். நேராகப் படிக்கும்படி பசையின் மேல் அச்சாகியிருந்தால் அது அரிய சரக்கு.

நம் ஊர் மேலச்சுகள்

மேலச்சு என்பது ஏற்கெனவே அச்சான தலையின் மேல் புதிதாக எழுத்தோ மதிப்போ போடுவது. சிங்கப்பூரில் பிழை சேகரிக்கிறவருக்கு மேலச்சுத் தலைகளைவிட வளமான வயல் வேறில்லை. நீரிணைக் குடியேற்றத்தின் முதல் தலைகளே 1867 செப்டம்பர் 1-இல் இந்தியத் தலைகளின் மேல் கிரீடமும் சென்ட் மதிப்பும் அச்சிட்டு வந்தவை. பிறகு தலை தீர்ந்துபோகும்போதெல்லாம் உள்ளூர் அச்சகத்தில் எழுத்து கோத்து மதிப்பை மாற்றினார்கள். 1880-இல் 30 சென்ட் தலையில் போட்ட '10' எத்தனையோ வடிவ எண்களில் இருக்கிறது. அச்சகத்தில் ஒரே மாதிரி எழுத்து போதாததால் கையில் கிடைத்ததைக் கோத்ததன் விளைவு.

1922 மார்ச் 31 முதல் ஏப்ரல் 17 வரை சிங்கப்பூரில் நடந்த மலாயா-போர்னியோ கண்காட்சிக்காகப் போட்ட மேலச்சு பழகுவதற்கு அருமையான பாடம். இணைப்புக்கோடு இல்லாதது, கடைசிப் புள்ளி இல்லாதது, ஆங்கிலத்தில் 'மலாயா'வின் இரண்டாவது 'ஏ' எழுத்து சிறியது, 'போர்னியோ'வின் கடைசி 'ஓ' நீள்வட்டமானது என்று பல வகை. இவை கோத்த எழுத்தில் இருந்த குறைகள், ஆகவே தாளில் குறிப்பிட்ட இடத்தில் திரும்பத் திரும்ப வரும். பட்டியல் சொல்லும் இடத்தோடு உங்கள் தலையின் இடம் ஒத்துப்போக வேண்டும். புள்ளியைச் சுரண்டி எடுத்திருந்தால் லென்ஸில் தாள் நார் எழும்பி நிற்பது தெரியும்.

ஜப்பானியர் காலத் தலைகளைப் பற்றித் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு ஒரே ஆலோசனை: சான்றிதழ் இல்லாமல் தொடாதீர்கள். 1942-இன் முதல் மேலச்சுகள் கையால் குத்தியவை. கையால் குத்தும்போது தலைகீழாவதும் இரட்டையாவதும் அன்றாட நிகழ்ச்சி. அந்த மாதிரி முத்திரைக்கட்டை செய்வதும் யாருக்கும் கடினமில்லை, போருக்குப் பிறகு நிறையச் செய்தார்கள். பயன்படுத்திய தலை என்றால் தேதியைப் பாருங்கள். 2602 என்பது ஜப்பானிய அரச ஆண்டு, அதாவது 1942. மேலச்சு வெளிவருவதற்கு முந்தைய தேதி முத்திரையில் இருந்தால் அந்தத் தலை பொய் சொல்கிறது.

விலை

பிழை உண்மை என்று தெரிந்த பிறகுதான் விலைக்கு வருகிறோம். எத்தனை இருக்கிறது, ஒரு கை தூரத்தில் வைத்தாலே தெரிகிறதா, பட்டியலில் எண் இருக்கிறதா, நிலை எப்படி, விரும்புகிறவர்கள் எத்தனை பேர். இவற்றில் கடைசியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பத்தே இருந்தாலும் வேண்டும் என்பவர் மூன்றே பேர் என்றால் நான்காவது தலைக்கு விலை இல்லை. லென்ஸில் தேடினால் மட்டும் தெரியும் பிழை, எவ்வளவு அரிதானாலும், கண்ணைப் பறிக்கும் பிழையிடம் தோற்றுவிடும்.

லண்டன் அஞ்சல்தலை வணிக நிறுவனமான ஸ்டான்லி கிப்பன்ஸின் பட்டியல் விலை என்பது அந்த நிறுவனம் நல்ல நிலையிலுள்ள தலையை விற்கும் விலை. உங்களிடம் யாரும் அந்த விலைக்கு வாங்க மாட்டார்கள். உண்மையான விலை ஏலத்தில் கைமாறியது. கடந்த சில ஆண்டுகளில் இதே பிழை போன விலைகளைத் தேடி எடுங்கள், மிக உயர்ந்த ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றவற்றைப் பாருங்கள். இருவர் முறைத்துக்கொண்டு ஏற்றிய விலை அடுத்த முறை வராது. இணையத்தில் யாரோ கேட்டிருக்கும் விலை கணக்கிலேயே சேராது. வெளிநாட்டு ஏலத்தில் வாங்கினால் சுத்தியல் விலையின், அதாவது ஏலம் முடிந்த விலையின் மேல் ஏல நிறுவனத்தின் கட்டணமும், அஞ்சல் காப்புறுதியும், இங்கே 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் ஏறும்.

அச்சகத்துக் கழிவு தனிக்கதை. சோதனை ஓட்டத்தில் கெட்டுப்போன தாள்கள் அழிக்கப்பட வேண்டும், சில வெளியே கசிந்துவிடும். எல்லாப் பிழையும் ஒரே தாளில் குவிந்திருக்கும்: நிறம் நகர்ந்திருக்கும், துளை கோணலாக இருக்கும், பசையே இருக்காது. அஞ்சலகச் சாளரம் வழியாக விற்காத தாளை எங்கள் கண்ணில் அஞ்சல்தலை என்றே சொல்ல மாட்டோம். மதிப்பில் பத்தில் ஒரு பங்குகூடத் தராதீர்கள்.

சான்றிதழ் என்றால் லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழு போன்றவர்கள் படத்தோடு தருவது. கட்டணமும் காப்புறுதி அஞ்சலும் தலையின் மதிப்பைத் தின்றுவிடக் கூடாது. 50 வெள்ளி ஃபிரீக்குக்கு அது வேண்டாம். ஆயிரங்களில் பேசும் நிறப்பிழைக்கு அது இல்லாமல் பேச்சே இல்லை. படத்திலுள்ள துளைப் பற்களையும் முத்திரைக் கோட்டையும் கையிலுள்ள தலையோடு ஒப்பிடுங்கள். நல்ல சான்றிதழோடு கெட்ட தலையை இணைத்து விற்பது பழைய தந்திரம்.

கிடைத்தால்

அஞ்சலகத்தில் வாங்கிய தாளில் பிழை தெரிந்தால் கிழிக்காதீர்கள். விளிம்பும், பக்கத்தில் சரியாக அச்சான தலையும், நிறம் மெல்ல மங்கும் வரிசையும் சேர்ந்திருப்பதுதான் சாட்சி. ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள், எந்த நாளில் எங்கே விற்றது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் இல்லை. கையால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். பழைய வெளியீட்டின் பின்னணி வேண்டும் என்றால் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கப் பழைய நாளிதழ்களில் அந்த வாரத்துச் செய்திகளைத் தேடிப்பாருங்கள்.

இந்த ஊர் ஈரப்பதம்தான் பெரிய எதிரி. பசை இளகி ஆல்பத்தில் ஒட்டும், பூஞ்சை பழுப்புப் புள்ளிகளாகப் படரும். புகைப்படக்காரர்கள் கேமராவுக்கு வைத்திருக்கும் உலர்பெட்டி போதும், 50 விழுக்காட்டில் வைத்துவிடுங்கள். 40-க்குக் கீழே இறக்கினால் பசை வெடித்துத் தலை சுருளும். பழுப்புப் புள்ளியை மருந்தால் நீக்க முயலாதீர்கள், அதற்குப் பிறகு எந்த நிபுணரும் நிறத்தைப் பற்றி உறுதி சொல்ல மாட்டார். பிவிசி உறைகள் மையை உறிஞ்சும், பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். பெட்டிக்குள் ஆல்பத்தை நிறுத்தி வையுங்கள், படுக்கவைத்து மேலே மேலே அடுக்கினால் கீழுள்ள பசை அழுந்தி ஒட்டும்.

எங்கே, எப்போது, எவ்வளவுக்கு வாங்கியது, தாளில் எந்த இடம், என்ன சோதனை செய்தது என்பதைக் கண்ணாடித்தாள் உறையின் மேல் மென்பென்சிலால் எழுதுங்கள். தலையை உள்ளே வைப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். வைத்த பிறகு எழுதினால் பென்சில் முனையின் அழுத்தம் பசையில் கோடாகப் பதிந்துவிடும்.